வராத ரோட்டின் மேல் ஒரு வீடு

நகராட்சி அலுவலகத்தில் அவருக்கு ‘ஸ்கேல் சார்’ என்று பெயர். பட்டம் வைத்த புண்ணியவான் யாரோ, ஆளை நன்றாக அளந்துதான் வைத்திருக்கிறான். சட்டைப் பையில் ஆறு அங்குல எஃகு ஸ்கேல் ஒன்று முப்பத்து நான்கு வருடமாகக் குடியிருந்தது. பேச்சு, நடை, தலைவாரல் எல்லாமே நூல் பிடித்த மாதிரி இருக்கும். மேஜையில் டீ டம்ளரை வைத்தால்கூட ஓரத்திலிருந்து எத்தனை தூரம் என்று அளந்துதான் வைப்பார் என்று கேலி செய்வார்கள். அவர் அதற்குச் சிரிக்கவும் மாட்டார், கோபப்படவும் மாட்டார். கேலி செய்கிறார்கள் என்பதே மனுஷனுக்கு நாலு நாள் கழித்துத்தான் உறைக்கும்.

வேலை, நகரமைப்புப் பிரிவில் வரைவாளர். எங்கே வீடு கட்டலாம், எங்கே கடை வைக்கலாம், எங்கே எதையும் கட்டக்கூடாது, நாளைக்கு ரோடு எந்த வழியாக வரும் என்று ஊரையே ஒரு வரைபடத்தில் பிரித்து வைப்பதற்கு ‘முழுமைத் திட்டம்’ என்று பெயர். குடியிருப்புக்கு மஞ்சள், கடைக்கு நீலம், தொழிற்சாலைக்கு ஊதா, வயலுக்குப் பச்சை. இந்த ஊரின் மஞ்சளும் பச்சையும் அவர் கையால் தீட்டியவை. தன் தலைக்கு மேல் என்ன வண்ணம் இருக்கிறது என்று ஊரில் முக்கால்வாசிப் பேருக்குத் தெரியாது. அவருக்கு ஒவ்வொருவருடையதும் தெரியும்.

வீடு கட்ட அனுமதி கேட்டு வரும் படிவங்களும் அவர் மேஜையைத் தாண்டித்தான் போக வேண்டும். அதில் பதினான்காவது கட்டம், ‘குடியிருக்கப்போகிறவர்கள் எத்தனை பேர்’. பாதிப் பேர் அதைக் காலியாக விட்டுவிடுவார்கள். என் வீட்டில் எத்தனை தலை இருந்தால் நகராட்சிக்கு என்ன வந்தது என்ற நினைப்பு. ஸ்கேல் சார் விடமாட்டார். ஒரு கட்டடக் காண்ட்ராக்டரை அந்த ஒரு கட்டத்துக்காக மூன்று தடவை திருப்பி அனுப்பினார்.

“தண்ணி எவ்வளவு வேணும், சாக்கடை எவ்வளவு வேணும்னு கணக்குப் போடறதே இத வச்சுத்தாங்க. ஆள் எண்ணிக்கை இல்லாம எப்படிங்க? ஆளே இல்லாத வீட்டுக்கு அனுமதி எதுக்கு?”

“சார், வீடு கட்டுனா ஆள் வரப்போகுது. இதென்ன கேள்வி?”

“வரப்போற ஆள எண்ணித்தான் எழுதச் சொல்றேன்.”

காண்ட்ராக்டர் பல்லைக் கடித்துக்கொண்டு ‘ஐந்து’ என்று எழுதிவிட்டுப் போனார். இப்படித்தான் ஊரில் பாதிப் பேரின் சாபத்தைச் சம்பாதித்து வைத்திருந்தார். ஆனால் ஒன்று, அவர் காசுக்குக் கை நீட்டுவார் என்று ஒருவரும் சொன்னதில்லை. அந்த விஷயத்தில் எதிரிகூடச் சத்தியம் செய்வான்.

அவர் குடியிருந்த தெருவுக்கு ஊர் வாயில் ‘கோட்டுத் தெரு’ என்று பெயர். ஒரே வரிசையாகப் பதினொரு வீடுகள், பின்னால் நகராட்சிக்குச் சொந்தமான பொட்டல். முப்பது வருடத்துக்கு முன் வந்த முழுமைத் திட்டத்தில், தண்ணீர்த் தொட்டியிலிருந்து பஸ் நிலையத்துக்கு நாற்பதடி ரோடு ஒன்று வரும் என்று கோடு போட்டிருந்தது. நேராக வந்த ரோடு இந்த இடத்துக்கு வந்ததும் லேசாக வளைந்து, பதினொரு வீட்டின் தலைமேலும் ஏறிப் போனது. அந்த வளைவு எதற்கு என்று யாராவது கேட்டால், “பெரியவங்க யோசிக்காமயா போட்டிருப்பாங்க?” என்பார் ஸ்கேல் சார்.

ரோடு வரவில்லை. முப்பது வருடமாக ஒரு கூடை ஜல்லிகூட வரவில்லை. ஆனால் கோடு வந்துவிட்டதே. கோட்டுக்குக் கீழே இருக்கும் வீட்டில் ஒரு அறை கூடுதலாகக் கட்ட முடியாது, மாடி எடுக்க முடியாது, விற்கப் போனால் வாங்க நாதி கிடையாது. இருக்கலாம், அவ்வளவுதான். இருந்தவர்களும் ஒவ்வொருவராகக் கழன்றார்கள். பிள்ளைகளுக்குக் கல்யாணமானதும் இடம் போதாமல் பிள்ளைகள் போனார்கள். கொஞ்ச நாளில் பிள்ளைகளைத் தேடிப் பெற்றவர்கள் போனார்கள். இப்போது ஆறு வீட்டில் பூட்டுத் தொங்குகிறது.

அவருடையது ஏழாவது வீடு. மாமனார் கட்டியது. திட்டம் அமலுக்கு வந்து மூன்று வருடம் கழித்து, மாமனார் காலமானதும், ஒரே மகள் என்று மனைவிக்கு வந்து சேர்ந்தது. மாமனாருக்கு மாடி எடுக்கும் ஆசை இருந்திருக்கிறது. பின்பக்கம் ஒன்பது படி கட்டினார். பத்தாவது படிக்குள் திட்டம் வந்து கையைக் கட்டிவிட்டது. அந்த ஒன்பது படிகளும் எங்கேயும் போகாமல் சும்மா நின்றன. மனைவி படிக்கு ஒரு பூந்தொட்டி வைத்தாள். பையன் உச்சிப் படியில் உட்கார்ந்து பரீட்சைக்குப் படித்தான்.

அந்த வீட்டில் ஒரு கேலிக் கதை ஓடிக்கொண்டே இருக்கும். பையன் பிறந்த அன்று, ஆஸ்பத்திரியிலிருந்து அலுவலகத்துக்கு ஆள் வந்து சொன்னபோது, இவர் திட்டத்துக்காக ஒரு ரோட்டை மையில் வரைந்துகொண்டிருந்தார். பாதி ரோட்டை விட்டுவிட்டு எழுந்திருக்க மனசு வரவில்லை. முழுவதும் முடித்துவிட்டுத்தான் ஓடினார். மனைவி இதைக் கடைசிவரை விடவில்லை. பையன் அப்பாவோடு மல்லுக்கட்டும்போதெல்லாம், “உங்கப்பா ரோடு போட்டுட்டுத்தான்டா உன்னப் பாக்கவே வந்தாரு, அவர்கிட்டப் போய் என்ன எதிர்பாக்கற?” என்பாள். மூன்று பேரும் சிரிப்பார்கள். அவர்கூடச் சிரிப்பார். அது எந்த ரோடு என்று யாரும் கேட்டதில்லை, அவருக்கும் நினைவில்லை. வரைந்த ரோடு ஒன்றா இரண்டா?

பையனுக்குக் கல்யாணம் ஆயிற்று. வீட்டில் இருந்தது ஒரு கூடம், ஒரு அறை, ஒரு சமையலறை. அறையைப் புதுசுகளுக்குக் கொடுக்கலாம் என்றால், மனைவிக்கு அப்போதே மூச்சு வாங்கும் வியாதி. அந்த அறையில்தான் கட்டிலும் மருந்தும். கல்யாணமான ஜோடி கூடத்தில் ஒரு திரை கட்டிப் படுத்தது. ஆறு மாதம் பொறுத்துப் பார்த்துவிட்டுப் பையன் வாயைத் திறந்தான்.

“மேல ஒரே ஒரு ரூம் போட்டுக்கறேன்பா. படி இருக்கு, சுவர் தாங்கும். இந்த ரோடு வராதுன்னு ஊருக்கே தெரியும்.”

“கோடு இருக்கேப்பா.”

“கோட்டப் போட்டதே நீங்கதானே? திட்டத்துல ஒரு திருத்தம்னு எழுதிக் கொஞ்சம் நகத்த முடியாதா?”

“என் வீட்டுக்காக நான் நகத்துனா அதுக்குப் பேரு திருத்தம் இல்ல, திருட்டு.”

“சரி, நகத்த வேணாம். பக்கத்துத் தெருவுல பாதிப் பேரு அனுமதி வாங்காமத்தான் கட்டியிருக்கான். கண்டுக்காம இருங்க.”

“அவன் வீட்டுக்கு நான்தான் நோட்டீஸ் எழுதறேன். என் வீட்டுக்கு யாரு எழுதறது?”

அறைக்குள்ளிருந்து மனைவி சொன்னாள்: “தலைக்கு மேல வெள்ளம் போனா சாண் என்ன முழம் என்னங்க. ஒரு ரூம்தானே.”

“சாணுக்கும் முழத்துக்கும் வித்தியாசம் பாக்கத்தான் எனக்கு வேலை குடுத்திருக்காங்க,” என்றார் அவர். என்ன ஒரு பதில். அன்றைக்கு அந்தப் பதிலில் அவருக்கு ஒரு பெருமைகூட இருந்தது.

அடுத்த மாதமே பையன் வேறு ஊரில் வேலை தேடிக்கொண்டு மருமகளோடு போனான். சண்டை போட்டுக்கொண்டெல்லாம் போகவில்லை. சண்டை போட்டிருந்தால் சமாதானம் என்று ஒன்று வந்திருக்கும். வாரம் ஒருமுறை போன், வருடத்துக்கு இரண்டு நாள் வருகை. மூன்று வருடம் கழித்து மனைவி இறந்தாள். கடைசி நாட்களில் அவள் பேசியது அதிகமும் பேரப்பிள்ளைகளைப் பற்றித்தான். போட்டோவைக் கையில் வைத்துக்கொண்டு, இது யார் சாயல் என்று கேட்பாள். பதில் சொல்லிவிட்டு அவர் மருந்துச் சீட்டைப் பார்ப்பார்.

அதன் பிறகு நான்கு வருடமாக ஏழாம் நம்பர் வீட்டில் ஒரு சட்டை காய்கிறது, ஒரு தட்டு கழுவப்படுகிறது. காலையில் ரேடியோவைப் போடுவார்; கேட்பதற்காக இல்லை, வீட்டில் ஏதோ ஒரு குரல் இருக்கட்டும் என்று. சாயங்காலம் வந்து பூந்தொட்டிகளுக்குத் தண்ணீர் ஊற்றுவார். இரண்டு பக்கமும் பூட்டிய வீடு. இருமினால் தன் இருமல் தனக்கே திரும்பக் கேட்கும். ஊர் முழுக்க யார் எங்கே குடியிருக்கலாம் என்று எழுதி வைத்த ஆளுக்குப் பேச்சுத் துணைக்கு ஒரு ஜீவன் கிடையாது. தப்பு செய்து தனியாகப் போனால் ஒரு நியாயம் உண்டு. நியாயமாக நடந்து தனியாகப் போயிருக்கிறோம் என்று அவர் தனக்குச் சொல்லிக்கொள்வார். அது ஒன்றுதான் அவருக்குப் பிடிமானம். உள்ளதைச் சொன்னால், அது ஒன்றைத்தான் சாப்பிட்டு உயிர் வாழ்ந்தார்.

அந்தப் பிடிமானமும், ஓய்வுபெற ஆறு மாதம் இருக்கும்போது, போயிற்று.

பழைய திட்டத்தின் காலம் முடிந்து புதிய முழுமைத் திட்டம் தயாரிக்க உத்தரவு வந்தது. இந்தத் தடவை எல்லாம் கம்ப்யூட்டரில். அதற்கென்று ஒப்பந்தத்தில் ஒரு அம்மாவை வேலைக்கு வைத்தார்கள். இரண்டு பிள்ளைகளைப் பள்ளியில் விட்டுவிட்டு மூச்சிரைக்க ஓடி வருபவர், வேலையில் கெட்டி. பழைய தாள்களை ஒவ்வொன்றாக ஸ்கேன் செய்து கம்ப்யூட்டரில் ஏற்றுவது அவர் வேலை. ஆவண அறையிலிருந்து ஸ்கேல் சார் சுருள் சுருளாக எடுத்துக் கொடுத்தார். ஒரு நாள், மைத் தாள்களுக்கு அடியில், பழைய பெரிய அதிகாரி பென்சிலில் போட்ட மூல வரைவும் கிடைத்தது. பூச்சி அரித்து ஓரமெல்லாம் சல்லடை. முப்பது வருடமாக அது தலைமை அலுவலகத்தில் இருப்பதாகத்தான் எல்லாரும் நினைத்திருந்தார்கள்.

மத்தியானம் கம்ப்யூட்டர் அம்மா கூப்பிட்டார்.

“சார், இங்க கொஞ்சம் வாங்களேன். பென்சில் மேப்பையும் உங்க மை மேப்பையும் ஒண்ணு மேல ஒண்ணு வச்சேன். எல்லாத் தாளும் கச்சிதமா உக்காருது. ஏழாம் நம்பர் தாள்ல ஒரு ரோடு மட்டும் தள்ளி நிக்குது. அஞ்சு மில்லி.”

“ஸ்கேன் பண்ணும்போது தாள் நகந்திருக்கும்மா.”

“மூணு தடவ பண்ணிட்டேன் சார்.”

அவர் குனிந்து பார்த்தார். பென்சில் கோடு நூல் மாதிரி நேராக, பின்னால் இருந்த பொட்டலில் போனது. ஒரு வீட்டையும் தொடவில்லை. வளைவும் கிடையாது. மைக்கோடு ஐந்து மில்லிமீட்டர் இப்பால், வீடுகளின் மேல். அந்த வரைபடத்தில் ஒரு மில்லிமீட்டர் என்றால் தரையில் நான்கு மீட்டர். ஐந்து மில்லி, இருபது மீட்டர்.

தாளின் கீழ் மூலையில் வரைந்தவர் கையெழுத்தும் தேதியும் இருந்தன. கையெழுத்து அவருடையது. தேதி, அவர் பையன் பிறந்த தேதி.

அவருக்கு எல்லாம் ஞாபகம் வந்தது. ஆறாம் தாளில் ரோட்டை முடித்து ஏழாம் தாளை விரித்தபோதுதான் ஆள் வந்து சொன்னான். ஒவ்வொரு தாளிலும் ஓரத்தை விட்டு ஐந்து மில்லி உள்ளே ஒரு எல்லைக்கோடு இருக்கும். எதை அளந்தாலும் அந்தக் கோட்டிலிருந்து அளக்க வேண்டும். சந்தோஷ அவசரத்தில் ஸ்கேலைக் காகிதத்தின் ஓரத்தில் வைத்து அளந்துவிட்டார். ஒரு வாரம் லீவு முடிந்து வந்து இரண்டு தாளையும் சேர்த்து வைத்தபோது, ரோட்டின் இரண்டு நுனியும் ஒட்டவில்லை. மழைக்காலம். ஈரத்துக்குக் காகிதம் ஊதும், கோடு கொஞ்சம் விலகும். வரைவாளர்களுக்கு அது தினப்படி சங்கதி. ஒரு அழகான வளைவு போட்டு இரண்டு நுனியையும் இணைத்தார். வளைவு பார்க்க லட்சணமாக இருக்கிறது என்று சக வரைவாளர்கள் பாராட்டினார்கள். பென்சில் வரைவோடு ஒத்துப் பார்க்க யாருக்கும் தோன்றவில்லை. மாமனார் வீடும் கோட்டுக்கடியில் வந்தது தெரிந்தபோது, பெரிய அதிகாரி யோசித்துப் போட்டது என்றே இவரும் நம்பினார். ஆட்சேபம் சொல்ல ஊருக்கு அறுபது நாள் கொடுத்திருந்தது. அந்த அறிவிப்பை அலுவலகத்துக்குள்ளேயே ஒரு பலகையில் ஒட்டியிருந்தார்கள். கோட்டுத் தெருவிலிருந்து யார் வந்து பார்க்கப்போகிறார்கள்?

“எத வச்சுக்கட்டும் சார்? பென்சிலா, மையா?” என்று கம்ப்யூட்டர் அம்மா கேட்டார்.

“அரசாங்கம் ஒப்புதல் குடுத்தது மைதான். அதையே வச்சுக்கம்மா,” என்றார் ஸ்கேல் சார்.

சொல்லிவிட்டு நேராகத் தண்ணீர்ப் பானையிடம் போய் இரண்டு டம்ளர் குடித்தார். ஆனைக்கும் அடி சறுக்கும், சரி. ஆனால் இவர் சறுக்கி விழுந்த இடத்தில் பதினொரு வீடு அல்லவா அகப்பட்டுக்கொண்டது. அதில் ஒன்று அவருடையது. நியாயத்துக்காகப் பையனை அனுப்பினோம் என்று நினைத்தது போக, ஒரு ஸ்கேலைத் தப்பாக வைத்ததற்காக அனுப்பியிருக்கிறோம் என்று ஆயிற்று. இதை வெளியே சொன்னால் பையனுக்கும் சொல்ல வேண்டுமே. அந்தப் பயம்தான் வாயைக் கட்டியது. வேலைக்கு வரும் ஆபத்தெல்லாம் அதற்குப் பிறகுதான் நினைவுக்கு வந்தது.

புதிய வரைவுத் திட்டம் அச்சாகி வந்தது. நகராட்சி மண்டபத்தில் சுவர் அகலத்துக்கு மாட்டினார்கள். மறுபடி அறுபது நாள். கீழே ஒரு மேஜை, ஆட்சேபப் பதிவேடு, நூலில் கட்டிய பேனா. பொதுமக்களுக்கு விளக்கம் சொல்ல ஸ்கேல் சாரை அங்கே உட்கார வைத்தார்கள். பத்து மணிக்குப் போவார், ஐந்து மணிக்கு எழுந்திருப்பார். நடுவில் ஈ ஓட்டுவார். மழைக்கு ஒதுங்க நாலு பேர் வந்தார்கள். ஒருவர் கழிப்பறை எங்கே என்று கேட்டார். பதிவேட்டில் ஒரு எழுத்து விழவில்லை. சுவரில் அந்த வளைவு அவரையே பார்த்துக்கொண்டிருந்தது. நாற்காலியைத் திருப்பிப் போட்டு உட்கார்ந்தார். முதுகிலும் அது இருந்தது.

அறுபதாவது நாள் போய்விட்டால் இன்னும் இருபது வருடத்துக்கு அந்தக் கோட்டை அசைக்க முடியாது. அது பிழை என்று அவரைத் தவிர வேறு யாருக்கும் தெரியாது.

ஐம்பத்தெட்டாவது நாள் தையல்காரம்மா வந்தார். அதே தெருவில் மூன்றாவது வீடு. வாசலில் மெஷின் போட்டுத் தைத்துக்கொண்டிருப்பவர், போகும்போதும் வரும்போதும் “சாப்பிட்டாச்சாண்ணே?” என்று கேட்பார், இவரும் தலையாட்டுவார். ஒரு நாளைக்கு அவரிடம் அலுவலக விஷயம் தவிர்த்து யாராவது ஒரு கேள்வி கேட்டார்கள் என்றால் அது அதுதான்.

“என் வீடு எங்கண்ணே இருக்கு இதுல?”

அவர் ஸ்கேல் நுனியால் காட்டினார்.

“இவ்வளவுதானா? மூக்குத்தி அளவுக்கு இருக்கு.” கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். “மேல போறது ரோடா?”

“ஆமாம்மா.”

“மகளுக்கு மாப்பிள்ள பாத்தாச்சுண்ணே. நல்ல பையன், கூடவே வந்து இருக்கேங்கறான். மேல ஒரு ரூம் மட்டும் இருந்தா போதும், எனக்கும் தொணையாச்சு. இல்லன்னா ரெண்டு பேரும் வேற ஊர் போயிடுவாங்க. அதான் ஒரு தடவ கேட்டுட்டுப் போலாம்னு வந்தேன். இந்தக் கோடு போட்டது போட்டதுதானா?”

அவர் பதிவேட்டைக் காட்டினார். “ஆட்சேபம் இருந்தா இதுல எழுதலாம்மா.”

“நான் என்னத்தண்ணே எழுதப்போறேன்?” தையல்காரம்மா சிரித்தார். “இது பொய்யா இருந்தா நீங்க மொத ஆளா மாடி எடுத்திருக்க மாட்டீங்களா? ‘மேப் போடறவரே புள்ளயப் பிரிஞ்சு தனியாக் கெடக்காரு, அப்ப அந்தக் கோடு நெசமாத்தான் இருக்கும்’னு தெருவுல எல்லாரும் சொல்லிச் சொல்லித்தானே வீட்டப் பூட்டிக்கிட்டுப் போனாங்க. உங்களவிட என்ன சாட்சி வேணும்?”

சொல்லிவிட்டுப் போய்விட்டார். தப்பாக ஒரு வார்த்தை சொல்லவில்லை, மரியாதையாகத்தான் பேசினார். ஸ்கேல் சாருக்குக் காது இரண்டும் சூடாக இருந்தது. கோடு ஒருநாள் தப்பு. அதற்கு முப்பது வருடமாகக் காவல் நின்றது தன்னுடைய யோக்கியதை என்று அன்றுதான் அவருக்குப் புரிந்தது. வாயில்லாத ஒரு கோட்டுக்கு அவர் வாழ்க்கை வாயாக இருந்திருக்கிறது.

மறுநாள் மண்டபத்தில் சும்மா உட்கார்ந்திருந்தார். அறுபதாம் நாள் மாலை நான்கே முக்காலுக்கு, காவலாளி கதவைச் சாத்த வந்து நின்றபோது, நூலில் கட்டிய பேனாவை எடுத்தார். பெயர், முகவரி, வீட்டு எண். ‘ஆட்சேபத்துக்கான காரணம்’ என்ற இடத்தில் எழுதினார்: ‘ரோடு வரைந்த இடம் தவறு. மூல வரைவில் இருபது மீட்டர் பின்னால் உள்ளது. வரைந்தவரின் பிழை. வரைந்தவன் நான்.’

நகரமைப்பு அலுவலர் அடுத்த நாள் அவரைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். வயதில் பையனைவிடக் கொஞ்சம் பெரியவர். நல்லவர்தான், வம்பு என்றால் மட்டும் நாலு தெரு சுற்றிப் போவார்.

“என்ன சார் இது? சொந்தக் காசுல சூனியம் வச்சுக்கறீங்க? ரிட்டயர்மெண்ட்டுக்கு ரெண்டு மாசம்கூட இல்ல.”

“தெரியும் சார்.”

“கோடுதானே மாறணும்? ‘பின்னாடி காலி இடம் இருக்கு, ரோட்ட அங்க போடுங்க’ன்னு ஒரு வரி எழுதிக் குடுங்க. நானே மேல பேசி மாத்தித் தரேன். உங்க தப்புன்னு எதுக்கு எழுதறீங்க? விசாரணை வைப்பாங்க சார்.”

“வேற காரணம் எழுதுனா அது எனக்காக நகத்துன மாதிரி ஆயிடும் சார்.”

“முப்பது வருஷம் கழிச்சு முழுப் பூசணிக்காய நீங்களே சோத்துலேருந்து எடுத்து வெளிய வைக்கறீங்க.”

“மறைச்சு வச்சேன்னு இல்ல சார். இருந்ததே எனக்குத் தெரியாது. தெரிஞ்சதுக்கப்புறம் நாலு மாசம் மறைச்சேன். அதையும் வேணா சேத்து எழுதிக் குடுக்கறேன்.”

அலுவலர் தலையில் கை வைத்துக்கொண்டார். இந்த மாதிரி ஆளிடம் என்ன பேச முடியும்?

விளக்கம் கேட்டுக் கடிதம் வந்தது. விசாரணைக்கு ஒருவர் வந்து அரை நாள் உட்கார்ந்து தாள்களை அளந்துவிட்டுப் போனார். விசாரணை நடப்பதால் வழியனுப்பு விழா வேண்டாம் என்று முடிவாயிற்று. கடைசி நாளன்று கம்ப்யூட்டர் அம்மா மட்டும் ஒரு பொட்டலம் பிஸ்கட் கொடுத்தார். அதை வாங்கிக்கொண்டு, மேஜையைத் துடைத்துவிட்டு, தனியாகப் படியிறங்கினார். எட்டு மாதம் கழித்து, எச்சரிக்கையோடு விசாரணையை முடித்துக் காகிதம் வந்தது. அதே மாதம் திட்டமும் ஒப்புதலாகி வந்தது. ரோடு பொட்டலில் நேராகப் போனது. வளைவு இல்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலை பையன் வழக்கம்போலப் போன் செய்தான். அவர் இதுவரை அவனிடம் ஒன்றும் சொல்லியிருக்கவில்லை. ரேடியோவை நிறுத்திவிட்டு, ஒன்பதாவது படியில் போய் உட்கார்ந்து, எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னார். தாள், ஓரம், எல்லைக்கோடு, தேதி.

“நான் பொறந்த அன்னிக்கு முடிச்சிட்டு வந்தீங்களே, அந்த ரோடாப்பா?”

“அதேதான்.”

“அம்மாவுக்குத் தெரியுமா?”

“தெரியாதுப்பா. எனக்கே அவ போனப்புறம்தான் தெரியும்.”

பையன் மூச்சு விடுவது கேட்டது. “நல்லது,” என்றான். கோபமாக இல்லை. கோபமாகச் சொல்லியிருக்கலாமே என்று அவருக்கு இருந்தது.

“இப்ப மாடி எடுக்கலாம்ப்பா. யாரும் கேக்க முடியாது. ஒரு ரூம், ஒரு பாத்ரூம். ஜன்னல் கிழக்க வைக்கணும்னு உங்கம்மா சொல்லுவா. நீங்க எல்லாரும்…”

“இப்பவாப்பா? பசங்க ஸ்கூலு, அவ வேலை, இங்க வீடு வாங்கியாச்சு. எப்படி வரது?”

“இருக்கறதுக்குச் சொல்லல. வந்துபோக.”

“வந்துபோறது ரெண்டு நாள்தானேப்பா. அதுக்கு எதுக்கு மாடி? ஹால்ல ஒரு திரை கட்டிப் படுத்துக்கறோம்.”

குத்திக்காட்டச் சொன்னானா, சாதாரணமாகச் சொன்னானா என்று அவருக்குப் பிடிபடவில்லை. அப்பாவை ஏன் வீணாக அலைய விட வேண்டும் என்ற அக்கறையில்தான் சொல்லியிருப்பான். நல்ல பையன். உடம்பைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு வைத்துவிட்டான். அவர் போனை மடியில் வைத்துக்கொண்டு வெயில் ஏறும்வரை அந்தப் படியிலேயே உட்கார்ந்திருந்தார். அழுகை வரவில்லை. யாராவது பக்கத்தில் இருந்தால் வந்திருக்கும்.

மூன்றாவது வீட்டில் மாடி எழும்பியது. தையல்காரம்மா, கொத்தனாருக்கு அளவு சொல்ல அவரைத்தான் கூப்பிட்டார். மகளும் மருமகனும் செங்கல் நனைத்தார்கள். ஒரு மாதம் அந்தத் தெருவில் தட்டுகிற சத்தமும் இறைக்கிற சத்தமுமாக இருந்தது. அவருக்கு அது பிடித்திருந்தது. சத்தம் முடிந்த மறுநாள் காலை, மூலையில் மடித்து வைத்திருந்த வரைபலகையை எடுத்துத் தூசி தட்டினார். நான்கு நாளில் தன் வீட்டு மாடிக்குப் படம் வரைந்து முடித்தார். பத்தாவது படியிலிருந்து பதினெட்டாவது படி வரை, ஒரு அறை, கிழக்கே ஒரு ஜன்னல். எல்லாம் எல்லைக்கோட்டிலிருந்து அளந்தது.

எதற்கு அந்த மாடி என்று கேட்டால் அவருக்குச் சொல்லத் தெரியாது. கட்டலாம் என்று ஆகிவிட்டது. கட்டாமல் எப்படி இருப்பது?

படத்தோடு நகராட்சிக்குப் போய், மற்றவர்களைப் போல வரிசையில் நின்றார். கவுன்டருக்குள் கம்ப்யூட்டர் அம்மா இருந்தார். எழுந்து நின்று வணக்கம் சொல்லிவிட்டு, படிவத்தை வாங்கி ஒவ்வொரு கட்டமாகத் தட்டிக்கொண்டே வந்தார். நடுவில் கை நின்றது.

“சார், பதினாலு காலியா இருக்கு.”

“அப்படியே விட்டுடும்மா. பரவால்ல.”

“விட்டா கம்ப்யூட்டர் எடுத்துக்காது சார். நீங்கதானே கட்டாயம்னு எழுதி வாங்கினீங்க?” அவர் சிரித்துக்கொண்டே நிமிர்ந்தார். “எத்தன பேருன்னு சொல்லுங்க, நானே போட்டுக்கறேன். பையன், மருமக, பேரப்பசங்க…”

வரிசையில் பின்னால் நின்றவர் செருமினார். ஸ்கேல் சார் சட்டைப் பையில் இருந்த ஸ்கேலைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

“ஒண்ணுன்னு போடும்மா.”

“மாடிக்கு மட்டும் கேக்கல சார். மொத்த வீட்டுக்கும் சேத்து.”

“சேத்துத்தாம்மா சொல்றேன்,” என்றார் அவர்.